எக்ஸ்ரே அக்காவின் மலை வண்டி

அந்த ஆஸ்பத்திரியில் அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசலில் நிற்கும் வாட்ச்மேன்கூட உதட்டைப் பிதுக்குவார். எக்ஸ்ரே அக்கா என்று கேட்டால், நேற்று வந்து வார்டில் படுத்தவர்கூடக் கைகாட்டுவார். இருபத்தாறு வருஷமாக அவளுக்கு அந்த ஒரே அறையில்தான் வேலை. கை முறிந்தவர், கால் பிசகியவர், காசை விழுங்கிய குழந்தை, நாலடி நடந்தால் மூச்சு வாங்குகிறவர் என்று ஊரில் பாதிப் பேரின் எலும்பு அவளுக்கு அத்துப்படி. தெருவில் எதிரே வருகிறவரின் முகம் மறந்துபோகும். தோள்பட்டை மறக்காது.

எக்ஸ்ரே அறைக்குப் பின்பக்கம் ஒரு கதவு உண்டு. திறந்தால் ஓர் ஆள் நிற்கிற அளவுக்குச் சின்ன சிமெண்டு மேடை, துணி காயும் கயிறு, ஒரு தண்ணீர்த் தொட்டி, அதையடுத்து மதில். மதிலுக்கு மேலே மலை. கூட்டம் கொஞ்சம் ஓய்ந்ததும் ஈய ஏப்ரனைக் கழற்றி மாட்டிவிட்டு, முதுகை நிமிர்த்திக்கொள்ள அங்கேதான் வந்து நிற்பாள். வேலைக்குச் சேர்ந்த முதல் மழைக்காலத்தில் அப்படி நின்றபோதுதான் அதைப் பார்த்தாள்.

அந்த மலைக்குக் கூர் உச்சி கிடையாது. யாரோ மேலே ஒரு பலகையை வைத்து அழுத்தியதுபோலத் தட்டையாக முடியும். அந்தத் தட்டையின் விளிம்பில் ஓரிடத்திலிருந்து வெள்ளையாக ஏதோ மேலே எழும்பியது, சற்று வளைந்தது, பின்பக்கமாகப் போய் மறைந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி எழும்பியது.

“யாரோ கரி மூட்டம் போடறாங்கக்கா” என்றார் வார்டு உதவியாளர். “மேகம் உரசிட்டுப் போகுது, வேறென்ன” என்றார் மருந்தாளுநர். வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். “மலைன்னா அதுல ஏதாவது ஒண்ணு இருக்கத்தான் செய்யும்” என்று ஒரே வரியில் கணக்கை முடித்துவிட்டார்.

அவளுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. மழை கொட்டுகிற நாளில் எவன் கரி மூட்டம் போடுவான்? மேகமென்றால் இன்றைக்கு ஓரிடம், நாளைக்கு ஓரிடம் என்று நகர வேண்டாமா? இது வருஷா வருஷம் அதே இடத்தில், மழைக்காலத்தில், அதுவும் காற்று பலமாக அடிக்கிற நாளில் மட்டும் வந்தது. அவள் பார்த்த வேலை அப்படிப்பட்டது. படத்தில் ஒரு நிழல் விழுந்தால் அதற்கு ஒரு காரணம் இருந்தே தீரும். ஏதோ நிழல் என்று சொல்லிப் படத்தை உறையில் போட்டுக் கொடுக்க அவளுக்குக் கை வராது.

போய்ப் பார்த்திருக்கலாம்தான். மலையின் பின்பக்கமாக ஒரு மண் பாதை மேலே ஏறுகிறது. முன்னொரு காலத்தில் தொலைபேசிக் கோபுரம் கட்டுவதற்காக வெட்டியது. கோபுரத்தை வேறு மலைக்கு மாற்றிவிட்டார்கள், பாதை அநாதையாகிவிட்டது. பதினோரு கிலோமீட்டர். வெயில் காலத்தில் எந்த ஜீப்பும் ஏறிவிடும், ஆனால் அப்போது மேலே பார்க்க ஒன்றும் இருக்காது. மழை விழுந்ததும் பாதை பள்ளமும் பாறையுமாகிவிடும், ஆடு மேய்க்கிறவர்கள்கூடக் கீழே இறங்கிவிடுவார்கள். நடந்து போகலாமென்றால், பிள்ளை வளர்ந்து கையிலிருந்து இறங்கிய பிறகு முழங்கால் மடங்க மறுத்தது. ஆபரேஷன் செய்த முழங்காலின் படத்தை அவளே எடுத்து, அவளே பார்த்து, “இனிமே நீ படி ஏறறதே பெரிசு” என்று அதனிடம் சொல்லிவிட்டாள்.

ஐம்பத்து நாலாவது வயதில் ஒரு பழைய பிக்கப் வாங்கினாள்.

மின்சார இலாகாவில் கம்பமும் கம்பியும் ஏற்றித் திரிந்த வண்டி அது. கழித்துக் கட்டி ஏலத்தில் விட்டார்கள். பத்தொன்பது வயது. முன்னால் நாலு கதவுள்ள கேபின், பின்னால் திறந்த தொட்டி. மஞ்சள் நிறம் வெளுத்து, பழுத்த இலை மாதிரி ஆகியிருந்தது. அவள் பார்த்தது நிறத்தை இல்லை. கியருக்குப் பக்கத்தில் குட்டியாக இன்னொரு கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கிற கம்பி.

வெளியூரில் வேலை பார்க்கும் மகள் போனில் கத்தினாள். “அம்மா, இந்த வயசுல எல்லாரும் சொகுசா ஒரு சின்னக் கார் வாங்குவாங்க. நீ கரண்ட் கம்பம் ஏத்தற வண்டிய வாங்கியிருக்க!”

வாத்தியார் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். “ஏம்மா, பால் ஊத்தப் போறியா, இல்ல காய்கறி விக்கப் போறியா? ரெண்டுல எதுன்னு சொல்லிட்டா நானும் அதுக்குத் தகுந்தாப்ல பழகிக்குவேன்.”

“மலைக்குப் போறேங்க.”

“எந்த மலைக்கு?”

அவள் கைகாட்டினாள். அவர் அண்ணாந்து பார்த்தார். ஏணியில் மூணாவது படிக்கு மேல் ஏறாத மனிதர் அவர். சத்தமில்லாமல் வீட்டுக்குள் போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தார்.

ஊருக்கு வெளியே, லாரிகள் திரும்புகிற முக்கில் ஒரு பட்டறை. அதை நடத்துகிற மெக்கானிக்கை எல்லோரும் ‘பொறுமை’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு போல்ட்டைக் கழற்றினால் துடைப்பார், முகர்ந்து பார்ப்பார், அப்புறம்தான் அடுத்ததில் கைவைப்பார். அவசரக்காரர்கள் யாரும் அவரிடம் வண்டி விடுவதில்லை. அவளைவிட ஐந்தாறு வயது இளையவர். அக்கா, தம்பி என்று முதல் நாளே பேச்சு அமைந்துவிட்டது.

அவள் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போயிருந்தாள். பெரிய சக்கரம், ஓரடி உயரம், முன்னால் இரும்புக் கொம்பு, கூரையில் விளக்கு வரிசை. பொறுமை அதைக் கடைசி வரை படித்துவிட்டு மடித்து அவளிடமே நீட்டினார்.

“அக்கா, இது கல்யாண ஊர்வலத்துக்கா, மலைக்கா?”

“மலைக்குத்தான் தம்பி.”

“அப்ப முதல்ல விளக்கு வேணாம். வண்டிய ஒசத்த ஒசத்த ரோட்டுல நல்லாத்தான் தெரியும். சரிவுல போய்ச் சாஞ்சுதுன்னா கவுந்துக்கும். மூணு விரக்கடை ஒசத்துவோம். டயர் ஒரு சைஸ் பெரிசு. அடிவயித்துக்கு ஒரு தகடு. இழுத்து எடுக்க முன்னாடியும் பின்னாடியும் நல்ல கொக்கி. அவ்வளவுதான். மத்ததெல்லாம், ஏற்கெனவே இருக்கறத ஒழுங்கா இருக்க வைக்கற வேலை.”

அந்த மற்றதெல்லாம்தான் நாலு மாதம் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் அவள் பட்டறையில் இருப்பாள். ஒரு பழைய சட்டையை மாட்டிக்கொண்டு, முழங்காலுக்குக் கீழே சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்து துரு சுரண்டுவாள். பின்பக்கத்துப் பட்டைகளை — ஒன்றன்மேல் ஒன்றாக வளைத்து அடுக்கிய இரும்பு ஸ்ப்ரிங் தகடுகளை — கழற்றித் தரையில் வரிசையாகப் போட்டபோது, பெரியது, அதைவிடச் சின்னது, இன்னும் சின்னது என்று விலா எலும்புகளைப் பரப்பியதுபோல இருந்தது. பத்தொன்பது வருஷம் கம்பம் சுமந்ததில் பட்டைகளின் வளைவு படிந்து தட்டையாகியிருந்தது. அதில் மறுபடி வளைவு ஏற்றி, நடுவில் புதிதாக ஒரு பட்டையைச் சேர்த்தார் பொறுமை. வண்டியின் பின்பக்கம் மூணு விரக்கடை எழும்பி நின்றது. முன்பக்கத்தையும் அதே அளவுக்கு முறுக்கி ஏற்றினார். தொங்கிக்கொண்டிருந்த புகைக்குழாயை மேலே தூக்கிக் கட்டினார். கீழே நீட்டிக்கொண்டிருந்த கால்படிகள் இரண்டையும் கழற்றி ஓரமாகப் போட்டார். அச்சுக்குள் தண்ணீர் போகாமலிருக்கக் காற்றுக்குழாயை நீட்டி மேலே கொண்டுபோய்ச் சொருகினார்.

இதற்கு நடுவில் ஒரு நாள் நடந்ததைப் பொறுமை இன்றைக்கும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வண்டியின் அடிச்சட்டம் முழுவதையும் துரு எடுத்தாகிவிட்டது, சாயம் அடிக்க வேண்டியதுதான் பாக்கி. டப்பாவைத் திறந்து குச்சியால் கலக்கிக்கொண்டிருந்தார். அவள் டார்ச்சை வாங்கிக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தாள். வெளிச்சத்தை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து, ஒவ்வொரு சாணாக நகர்ந்தாள். பின்பக்கத்துப் பட்டை வந்து சட்டத்தில் மாட்டுகிற இடத்தில் வெளிச்சம் நின்றுவிட்டது.

“தம்பி, இங்க வாங்க.”

அவர் எட்டிப் பார்த்தார். “கீறல்க்கா. கல்லு பட்டிருக்கும்.”

“கீறல் மேலோட நிக்கும். இது உள்ள போகுது. ஓரத்துல துரு கசிஞ்சு காஞ்சிருக்கு பாருங்க.”

“முடியளவுகூட இல்லையேக்கா.”

“முடியளவு இருக்கறதத்தான் நான் இருபத்தாறு வருஷமா பாத்துட்டிருக்கேன்.”

பொறுமை சாய டப்பாவை மூடி வைத்தார். அந்த இடத்தைச் சுத்தமாகத் துடைத்தார். மண்ணெண்ணெயைத் தடவிவிட்டுப் போய் ஒரு டீ குடித்து வந்தார். எண்ணெயை ஒரு சொட்டு இல்லாமல் துடைத்து எடுத்துவிட்டு, மேலே சாக்கட்டிப் பொடியைப் பூசினார். இருவரும் தரையில் மல்லாந்து படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் வெள்ளைதான். பிறகு அந்த வெள்ளையில் ஒரு சாம்பல் புள்ளி. புள்ளி கோடாகியது. உள்ளே புகுந்திருந்த எண்ணெய் மெல்ல மெல்லப் பொடியில் ஊறி, நாலு விரல் நீளத்துக்கு, நுனியில் கொக்கி மாதிரி வளைந்து, விரிசல் தானாகவே தன்னை வரைந்து காட்டியது.

அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கம்ப்யூட்டர் கிடையாது. இருட்டறையில் சிவப்பு விளக்கில், மருந்துத் தட்டில் ஃபிலிமை ஆட்டிக்கொண்டே இருந்தால் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து ஒரு மனிதனின் கை மிதந்து வரும். அதைப் பார்த்து எத்தனை வருஷமாகிவிட்டது! ஓர் ஓட்டை வண்டியின் அடிவயிற்றில், முதுகில் கிரீஸ் ஒட்ட, அதே அதிசயம்.

“இத இப்படியே விட்டுச் சாயம் அடிச்சிருந்தா?” என்று கேட்டாள்.

“மேல போறப்ப ஒண்ணும் ஆகாது. இறங்கறப்ப, முழு எடையும் விழற இடத்துல பட்டை பிச்சுக்கிட்டுப் போயிருக்கும்.” விரலால் அந்தக் கோட்டைத் தடவினார். “முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன்க்கா. எனக்குத் தெரியல பாருங்க.”

விரிசலின் இரண்டு நுனியிலும் துளை போட்டு, அது மேற்கொண்டு ஓடாமல் நிறுத்தி, பற்றவைத்து, மேலே தகடு வைத்து இறுக்கினார்கள். “எங்க எலும்பு டாக்டரும் இதத்தான் பண்றாரு. ஆனா அவர் இவ்வளவு நேரம் எடுத்துக்க மாட்டாரு” என்றாள் அவள்.

ஓட்டப் பழகியது கைவிடப்பட்ட கல் குவாரியில். அங்கே பொறுமை அவளை ஒரு காரியம் செய்யச் சொன்னார். முன்சக்கரங்களின் நடுவிலுள்ள குமிழைக் கையால் திருப்பிப் பூட்டச் சொன்னார். குட்டிக் கம்பியைக் கீழ் கியருக்கு இழுக்கச் சொன்னார். அப்புறம் இரண்டு காலையும் மிதியிலிருந்து எடுக்கச் சொன்னார்.

“காலை எடுத்தா வண்டி நின்னுடுமே?”

“எடுங்கக்கா.”

எடுத்தாள். எதிரே வீட்டுக் கூரை சரிவுக்கு ஒரு கல்மேடு. வண்டி நிற்கவில்லை. கனைத்துக்கொண்டு, ஒரு குழந்தை தவழ்வதைவிட மெதுவாக, மேட்டில் ஏறத் தொடங்கியது. அவள் ஒன்றும் செய்யவில்லை, ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாள், அவ்வளவுதான். ஒன்றரை டன் இரும்பு கல்லைத் தொட்டுப் பார்த்து, யோசித்து, அடுத்த காலை எடுத்து வைப்பதுபோல ஏறியது. ஓரிடத்தில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கியது. மற்ற மூன்றும் ஊன்றிக்கொண்டன. உச்சியில் போய் நின்றதும் அவள் தலையைத் திருப்பிக் கீழே பார்த்தாள். வாய் திறந்தபடி இருந்தது அவளுக்கே தெரியாது.

“வேகம்னா எல்லாருக்கும் பிடிக்கும்” என்றார் பொறுமை. “எனக்கு இதுதான்க்கா பிடிக்கும்.”

மழை பிடித்தது. ஒரு ஞாயிறு காலையில் மூன்று பேரும் கிளம்பினார்கள். வாத்தியார் எதற்கு வந்தார் என்று அவருக்கே தெரியாது. “நீ போய் நான் வீட்ல உக்காந்திருந்தா பயம் ரெண்டு மடங்கு. கூட வந்தா ஒரு மடங்கு” என்று கணக்குச் சொன்னார். மடியில் பிளாஸ்க், கையில் குடை, கதவுக்கு மேலுள்ள கைப்பிடியை மறு கையால் பிடித்தவர் விடவேயில்லை. பாதை தொடங்கும் இடத்தில் இறங்கி, நாலு டயரிலும் காற்றைக் கொஞ்சம் இறக்கினார்கள். டயர் பிதுங்கிப் பரந்து மண்ணை அப்பிப் பிடித்தது.

நாலாவது கிலோமீட்டரில் ஓர் ஓடை பாதையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடியது. டீ நிறத்தில் தண்ணீர். பொறுமை காலணியைக் கழற்றி நாலடி இறங்கிப் பார்த்துவிட்டு, இழுப்பு தாங்காமல் திரும்பி வந்தார். வாத்தியார் குடையை விட்டு ஆழம் பார்த்தார். கைப்பிடி வரை நனைந்தது.

“தாண்டிடலாம்னு தோணுது” என்றார் பொறுமை. “நூத்துக்கு எழுபது.”

அவள் என்ஜினை அணைத்துவிட்டு அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கரையில் பாதை வளைந்து மேலே போவது தெரிந்தது. இருபத்தாறு வருஷம். இன்னும் ஏழு கிலோமீட்டர்.

“அடியில என்ன இருக்குன்னு இத மட்டும் படம் எடுக்க முடியாது தம்பி. திரும்பலாம்.”

வாத்தியார் வாழ்க்கையில் மனைவியை அப்படிப் பெருமையாகப் பார்த்ததில்லை. ஆனால் திரும்பி இறங்கும் வழியெல்லாம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அதைப் பார்த்து அவருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஒன்பது நாள் கழித்து, மழை சற்று வெறித்துக் காற்று மட்டும் கதவைப் போட்டு அடித்த ஒரு காலையில், வாத்தியார்தான் அவளை எழுப்பினார். “லீவு போட்டுட்டேன். நீயும் போடு. பொறுமைக்குப் போன் பண்ணிட்டேன்.” சட்டையெல்லாம் மாட்டி, பிளாஸ்க்கோடு தயாராக நின்றார்.

ஓடையில் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இறங்கியிருந்தது. பொறுமை இந்தத் தடவை அக்கரை வரை நடந்து போய்த் தரையைக் காலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வா என்று கையசைத்தார். சக்கரத்தின் இரண்டு பக்கமும் தண்ணீர் விசிறிபோல விரிய, வண்டி சீராகக் கடந்தது. அதற்கப்புறம் பாதை பாதையாக இல்லை. மழை மண்ணையெல்லாம் அரித்துக்கொண்டு போய் எலும்பும் தோலுமாக விட்டிருந்தது. ஒவ்வொரு மோசமான இடத்திலும் பொறுமை இறங்கி முன்னால் நடந்தார். இடது கையை உயர்த்தினால் இடது, வலது கையை உயர்த்தினால் வலது, இரண்டையும் விரித்தால் நில். அவள் அவருடைய கையை மட்டுமே பார்த்தாள். ஒரு தடவை அடித்தகடு பாறையில் ‘கரக்’கென்று உரசி, வண்டி தன் வயிற்றால் வழுக்கிக்கொண்டு தாண்டியது. தகடு இல்லையென்றால் என்ஜின் எண்ணெய் முழுக்க மலைக்குத்தான்.

எட்டாவது கிலோமீட்டரில் பாதையின் வெளி ஓரம் சரிந்து விழுந்திருந்தது. மிச்சமிருந்தது ஒரு வண்டி அகலமும் கூட ஒரு முழமும். வாத்தியார் அந்தப் பக்கத்து ஜன்னலில் தற்செயலாகப் பார்த்துவிட்டார். ஜன்னல் முழுக்க வானம்தான் இருந்தது. பூமி இல்லை.

“ஏம்மா.”

“என்னங்க?”

“ஒண்ணுமில்ல. நீ ஓட்டு. நான் கண்ண மூடிக்கறேன்.”

“இறங்கி நடந்து வாங்களேன்.”

“வேணாம். நீ இருக்கற பக்கமே நானும் இருக்கேன்.”

கீழ் கியர். இரண்டு காலும் மிதியில் இல்லை. உள்பக்கத்து முன்சக்கரம் ஒரு பாறைமேல் ஏற, வெளிப்பக்கத்துப் பின்சக்கரம் புதுப் பட்டையின் நீளமெல்லாம் இறங்கி மண்ணை விடாமல் தொட்டுக்கொண்டு வந்தது. அதைக் கண்ணாடியில் பார்த்தாள். தன் கையால் துரு சுரண்டிய இரும்பு. அது மடங்குகிறது, நீள்கிறது, தாங்குகிறது. ஸ்டியரிங்கைப் பிடித்த கைக்குள் அந்த ஒவ்வொரு அசைவும் நாடிபோல வந்து சேர்ந்தது. தாண்டியதும் பொறுமை திரும்பி நின்று இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார். யாரைக் கும்பிட்டார் என்று யாரும் கேட்கவில்லை.

தட்டை உச்சி வந்தது. ஒரே புல்வெளி. மழைநீரில் மினுங்கும் பாறைத்திட்டுகள், இடையில் சின்னச் சின்னக் குட்டைகள், எல்லாவற்றிலும் வானம் ஓடிக்கொண்டிருந்தது. ஓர் ஆறு, பத்தடி அகலம் இருக்கும், புல்லுக்கு நடுவே சலசலவென்று விளிம்பை நோக்கிப் போனது. அதைப் பிடித்துக்கொண்டே மெல்லப் போனார்கள். விளிம்புக்கு இருநூறு அடி இருக்கும்போது கண்ணாடியில் மழை விழத் தொடங்கியது. வைப்பரைப் போட்டாள். போட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தாள். தலைக்கு மேலே வானம் நீலமாகத் திறந்து கிடந்தது.

வண்டியை நிறுத்தி இறங்கினார்கள். காற்று ஆளைத் தள்ளியது. இன்னும் கொஞ்ச தூரம் நடந்து, ஒரு பெரிய பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

ஆறு விளிம்புக்குப் போனது. எல்லா ஆற்றையும்போலக் கீழே விழத் தயாராகத் தலையைக் குனிந்தது. அதன் பிறகு அது விழவில்லை. சமவெளியிலிருந்து புறப்பட்டு வந்த அத்தனை காற்றும் அந்தச் செங்குத்துப் பாறையில் மோதி, போக இடமில்லாமல் மேலே பாய்ந்துகொண்டிருந்தது. அது விழுகிற ஆற்றை ஏந்திப் பிடித்தது, உடைத்தது, திரும்பவும் மேலேயே வீசியது. வெள்ளை வெளேரென்று நாலு பனை உயரத்துக்கு ஆறு நிமிர்ந்து நின்றது. அந்த உயரத்தில் வளைந்து, பிசிறு பிசிறாகப் பிரிந்து, தான் எங்கிருந்து வந்ததோ அந்தப் புல்வெளிமேலேயே மழையாகக் கொட்டியது. கொட்டியது திரும்ப ஓடிவந்து ஆற்றில் சேர்ந்தது. ஆறு மறுபடி விளிம்புக்குப் போனது.

காற்று ஒரு மூச்சு விட்டபோது அந்த வெள்ளை அப்படியே சரிந்து கீழே போனது. இடி இறங்குவதுபோல ஒரு சத்தம் வெகு ஆழத்திலிருந்து வந்தது. காற்று திரும்பியதும் பள்ளத்திலிருந்து முதலில் ஒரு வெள்ளைத் தலை எட்டிப் பார்த்தது. பின்பு தோள், பின்பு முழு உடம்பு. எழுந்து நின்ற அந்த வெள்ளைக்குள் வெயில் நுழைந்து, ஒரு வானவில் அவர்களுடைய காலடிக்கும் கீழே விழுந்து கிடந்தது.

மூன்று பேரும் தெப்பலாக நனைந்துவிட்டார்கள். எலும்பை, ஈரலை, இதயத்தின் நிழலை, குழந்தையின் வயிற்றில் கிடக்கும் காசைக்கூடப் பார்த்தவள் அவள். உள்ளே இருப்பதைப் பார்த்தால் எதுவும் புரிந்துவிடும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். இதில் மறைவாக எதுவுமில்லை. காற்று இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, இரண்டும் செய்வது கண்ணெதிரே தெரிகிறது. அப்படியும் அவள் பாறையை விடாமல் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள். இத்தனை வருஷமும் இது இங்கே நடந்துகொண்டிருந்திருக்கிறது. அவள் யாருடைய நெஞ்சையோ படம் எடுத்த நேரத்தில், மகளுக்குச் சடை பின்னிய நேரத்தில், ரேஷன் வரிசையில் நின்ற நேரத்தில், யாரும் பார்க்க வேண்டுமென்ற ஆசையே இல்லாமல் ஓர் ஆறு இங்கே எழுந்து நின்றுகொண்டிருந்திருக்கிறது.

வாத்தியார் கைப்பிடியைத் தேடுவதுபோல அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். மூக்கிலிருந்து தண்ணீர் சொட்ட, விளிம்புக்கு அந்தப் பக்கம், கீழே, தீப்பெட்டிகளாய்ச் சிதறிக் கிடந்த ஊரைப் பார்த்தார். பயந்ததாகவே தெரியவில்லை.

“நான் ஒரே வரியில சொல்லிட்டேன்ல அன்னிக்கு.”

“என்ன சொன்னீங்க?”

“விடு. அது தப்புக் கணக்கு.”

பொறுமை வண்டிக்குத் திரும்பிப் போய், சக்கரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு வண்டிக்குப் பின்னால் போய்த் தனியாக நின்றுகொண்டார். முகம் துடைத்தது மழைக்காகவா வேறெதற்காகவா என்று அக்கா பார்க்கவில்லை.

மறுநாள் வேலைக்குப் போனாள். முதல் ஆளே நெஞ்சுப் படம். “மூச்ச நல்லா இழுத்துப் பிடிங்க” என்று சொல்லிப் பொத்தானை அழுத்தியவள், பின்கதவின் இடுக்கில் தெரிந்த வெளிச்சத்தைப் பார்த்தபடி நின்றுவிட்டாள். அந்த மனிதர் பிடித்த மூச்சை விடாமல் சிவந்துபோய், கடைசியில் பொறுக்கமாட்டாமல், “அக்கா, விடலாமா?” என்று முக்கினார். அந்தக் கதை ஒரு வாரம் ஆஸ்பத்திரி முழுக்க ஓடியது.

ஆறு மேலே பாய்கிறது என்றால் யார் நம்புவார்கள்? அவள் வாதாடவில்லை. வண்டியில் இன்னும் மூன்று பேருக்கு இடமிருக்கிறது என்று மட்டும் சொன்னாள். அந்த மழைக்காலத்திலும் அடுத்ததிலும், ஓடை வழி விட்ட நாட்களில், மூன்று மூன்று பேராக அழைத்துப் போனாள். நர்சுகள் போனார்கள், சமையல்காரம்மா போனார், மருந்தாளுநர் போனார். பெரிய டாக்டர் கோட்டும் டையுமாக வந்து, எல்லாம் ஒட்டிப்போய், சின்னப் பையனாட்டம் கத்திக்கொண்டு இறங்கினார். விளிம்புக்கு இருபதடிக்குள் யாரையும் அவள் விடுவதில்லை. வாத்தியார் குடையைக் குறுக்கே நீட்டி எல்லைக்கோடு மாதிரி நிற்பார். இப்போதெல்லாம் அந்தச் சரிவில் அவர் கண்ணை மூடுவதில்லை, ஜன்னலில் பார்த்து ஆழத்தை உத்தேசமாகக் கணக்குப் போட்டுச் சொல்கிறார். கேட்கிறவர்கள்தான் கண்ணை மூடிக்கொள்கிறார்கள்.

மூன்றாவது மழைக்காலத்தில் நீர்வளத் துறையிலிருந்து ஒரு பொறியாளர் பெண் வந்தாள். கேள்விப்பட்டு வந்திருந்தாள். இலாகா ஜீப் ஓடையிலேயே நின்றுவிட, அவளுடைய அளவுக்கம்பியையும் பெட்டிகளையும் பிக்கப்பின் தொட்டியில் கட்டி மேலே கொண்டு சேர்த்தார்கள். நாலு நாள் ஆற்றின் ஓட்டத்தை மேலே அளந்தாள், மலையடிவாரத்தில் கீழே அளந்தாள். ஐந்தாம் நாள் காலை, நனைந்த நோட்டை ஸ்டியரிங்மேல் விரித்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டிருந்த அக்காவிடம் சொன்னாள்.

“மேடம், காத்து பலமா அடிக்கற நாள்ல இந்த ஆத்துல பாதிகூடக் கீழ போய்ச் சேரல. அதே தண்ணி விளிம்புக்கு வருது, திரும்பிப் போகுது, மறுபடி வருது. ஒரே சொட்டு ஏழு எட்டுத் தடவைகூட விழுந்து எந்திரிச்சிருக்கலாம்.”

அக்கா துவட்டுவதை நிறுத்தினாள். கண்ணாடிக்கு வெளியே அந்த வெள்ளை எழுந்து நின்றுகொண்டிருந்தது.

“இன்னொரு தடவ சொல்லும்மா” என்றாள்.